பட்டன் போன், ஸ்டார் ஹேஷ், மிஸ்டு கால்: தமிழ்ல என்ன சொல்றது?

வணக்கம் எல்லாருக்கும்,

நம்ம கலைச்சொல் பட்டியலுக்கு, ஃபீச்சர் போனுக்கு, அதாவது ஸ்மார்ட்போன் இல்லாத பட்டன் போனுக்கு, 'அடிப்படைக் கைபேசி'ன்னு வச்சு முடிச்சிடலாம்னு ரெண்டு மூணு பேர் எழுதியிருந்தீங்க. எனக்கு அதுல சம்மதம் இல்ல. நான் தென்னாப்பிரிக்காவுல, டர்பன்ல இருக்கற சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் சுகாதார சர்வே எடுக்கற வேலைல இருக்கேன், இந்த வார்த்தைங்கள வீடு வீடாவும் போன்லயும் வாயால சொல்லியாகணும், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுத்துக்கங்க.

'அடிப்படை'ன்னு சொன்னா அந்த போன்ல என்ன இல்லைங்கறதுதான் தெரியுது. வச்சிருக்கற அம்மாகிட்ட போயி "உங்ககிட்ட இருக்கறது அடிப்படைக் கைபேசியா?"ன்னு கேக்க எனக்கு மனசு வரல, குறைச்சு பேசற மாதிரி இருக்கு. ஆனா அந்த போன் எவ்வளவு வேலை பார்த்திருக்குன்னு பாருங்க. 2014 ஆகஸ்ட்ல நம்ம சுகாதாரத் துறை கர்ப்பிணிங்களுக்கு போன்ல தகவல் அனுப்பற மாம்கனெக்ட் திட்டத்த ஆரம்பிச்சப்போ கர்ப்பிணிங்க கிளினிக்லயே *134*550# அடிச்சு பதிவு பண்ணாங்க, அப்புறம் எத்தனாவது மாசமோ அதுக்கு ஏத்த மாதிரி எஸ்எம்எஸ் வந்துச்சு, டேட்டா வேணாம், ஏர்டைமும் (போன்ல போட்டிருக்கற காசு) போகாது. 2005ல வந்த ஃபிரண்ட்லைன் எஸ்எம்எஸ் மென்பொருளுக்கு யோசனை பிறந்ததே நம்ம க்ரூகர் பூங்காவை ஒட்டின ஊர்கள்ல நடந்த வேலைலதான், ஒரு கம்ப்யூட்டரும் கேபிள்ல மாட்டின ஒரு போனும் இருந்தா போதும், இன்டர்நெட்டே இல்லாம ஊர் முழுக்க கேள்வி அனுப்பி பதில் வாங்கலாம். 2007 நைஜீரியா தேர்தல கண்காணிச்சவங்க அதைத்தான் வச்சு வேலை பார்த்தாங்க.

அதனால என் முன்மொழிவு 'பொத்தான்பேசி'. ஊர்ல சனங்க ஏற்கனவே 'பட்டன் போன்'னு சொல்றாங்க, அதையே தமிழாக்கிட்டா போச்சு. கையில தொட்டு அமுக்கற பொருளோட பேரு, யாருக்கும் விளக்க வேணாம். ஜூலுக்காரங்க செல்போனுக்கு என்ன பேரு வச்சாங்கன்னு இங்க எல்லாருக்கும் தெரியும், உமாகாலெகுக்வினி, பாக்கெட்டுக்குள்ள கத்தறதுன்னு அர்த்தம். பொருள் என்ன செய்யுதோ அதைப் பாத்து வச்ச பேரு, அதனாலதான் நிலைச்சுது.

சாட்ஸ்வொர்த்திலிருந்து

---

அம்மா, வணக்கம்.

உங்கள் அக்கறை புரியுது, ஆனா ஒரு சந்தேகம். பொத்தான் என்பதே போர்ச்சுகீசியத்திலிருந்து வந்த சொல். கலைச்சொல் ஆக்கும்போது அதையே வேராக வைக்கலாமா? 'விசைப்பலகை' நிலைச்சுட்டதே, அதே வழியில் 'விசைபேசி' என்று வைத்தால் சுருக்கமாகவும் இருக்கும், தூய தமிழாகவும் இருக்கும். *134*550# மாதிரி ஸ்டார், எண், ஹேஷ் அடித்துப் பெறும் சேவைக்கு யுஎஸ்எஸ்டி என்று பெயர், அதற்கும் நல்ல சொல் இருக்கு: ஆஸ்டெரிஸ்க் (*) குறிக்கு 'உடுக்குறி' என்று அகராதியில் போட்டிருக்காங்க, உடு என்றால் விண்மீன். 'உடுக்குறிச் சேவை' என்று வைக்கலாம். இங்கே பிள்ளைகளுக்கு தமிழ் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் சொல்றேன், பழைய சொல் ஒன்று இப்படி உயிர் பெற்றால் எனக்கு பெரிய சந்தோஷம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து

---

ஐயா, அக்கா, நடுவுல ஒரு தொழில்நுட்ப விஷயம். இங்கிலீஷ்ல ஒரு எஸ்எம்எஸ்ல 160 எழுத்து, தமிழ்னா 70தான், நீளமா போயி துண்டு துண்டா பிரிஞ்சா ஒவ்வொரு துண்டுலயும் 67. புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனி கணக்கு. அந்த கணக்குல 'அடிப்படைக் கைபேசி' 17, 'பொத்தான்பேசி' 12, 'விசைபேசி' வெறும் 8. சர்வே கேள்வி அனுப்பறவங்களுக்கு இது காசு விஷயம், அதனால என் ஓட்டு ஐயாவுக்கு.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து

---

ஐயா, தம்பி, ரெண்டு பேருக்கும் நன்றி.

தம்பி சொன்ன கணக்கு சரி, இந்தியாவுலயோ இலங்கையிலயோ தமிழ்ல எஸ்எம்எஸ் அனுப்பறவங்களுக்கு அது ரொம்ப முக்கியம். ஆனா நம்ம நாட்டுல விக்கற பட்டன் போன் பலதுல தமிழ் எழுத்தே கிடையாது, கட்டம் கட்டமா தெரியும். அது இருந்தாலும் நம்ம ஆயாங்க பலருக்கு தமிழ் கேட்டா புரியும், படிக்கத் தெரியாது. 1860லேந்து இங்க இருக்கற சனம் நாம, பாட்டுலயும் கோயில்லயும் வீட்டுலயும் காது வழியா வந்த தமிழ்தான் நமக்கு மிச்சம். அப்போ களத்துல இந்த சொல்லெல்லாம் எப்படி போகுதுன்னா, நான் போன்ல சொல்றேன், இல்லன்னா பதிவு பண்ணின குரல் "ஒண்ண அமுத்துங்க, ரெண்ட அமுத்துங்க"ன்னு சொல்லுது. கரகரன்னு கேக்கற லைன்ல, காது கொஞ்சம் மந்தமான ஒருத்தங்களுக்கு, ஒரே தடவைல விளங்கணும். இந்த போன் சர்வே வேலைக்கு சொல் தேடும்போது நாம முதல்ல வைக்க வேண்டிய சோதனை இதுதான்னு நான் நினைக்கறேன், தூய தமிழாங்கறதும் எத்தனை எழுத்துங்கறதும் அதுக்கு அப்புறம்.

அந்த சோதனைல 'விசைபேசி' நிக்கல. போன்ல சொன்னா 'இசை பேசி'ன்னு காதுல விழுது, விசைன்னா என்னன்னும் அடுத்த கேள்வி வரும். பொத்தான் சட்டைல இருக்கு, எல்லாருக்கும் தெரியும். போர்ச்சுகீசியத்துலேந்து வந்துதுங்கறது நிஜம், சாவியும் ஜன்னலும் அலமாரியும் அப்படித்தான் வந்துது, அதையெல்லாம் நாம வெளிய அனுப்பலையே ஐயா.

'உடுக்குறி' அழகான சொல், எழுத்துல எனக்கும் பிடிச்சிருக்கு. ஆனா வாயால சொல்லிப் பாருங்க. பேச்சுல 'உடு'ன்னா 'விடு', இங்க மாரியம்மன் கோயிலுக்கு போற ஆயாவுக்கு 'உடுக்கு' காதுல விழும், அவங்க நினைப்பு பூசைக்கு போயிடும். யுஎஸ்எஸ்டிக்கு 'நட்சத்திர எண்'னு சொன்னா "நட்சத்திரம் போட்ட பட்டன அமுக்கு, அப்புறம் நம்பரு"ன்னு நேரா வேலைக்கு வந்துடலாம். 13 எழுத்துக் கணக்கு வருது தம்பி, தெரியும், ஆனா இது எஸ்எம்எஸ்ல போறதவிட வாயால சொல்றதுதான் அதிகம்.

எஸ்எம்எஸ்ஸையும் நட்சத்திர எண்ணையும் ஒண்ணா சேத்து 'குறுஞ்செய்திச் சேவை'ன்னு போட்டிருக்கற பட்டியல் ஒண்ணு பாத்தேன், அத கண்டிப்பா திருத்தணும். எஸ்எம்எஸ் போன்லயே தங்கிடும். நட்சத்திர எண்ல பேசறது அந்த நேரத்துக்கு மட்டும் திரைல வரும், மெதுவா பதில் சொன்னா பாதியில அறுந்துகூட போயிடும், ஆனா இன்பாக்ஸ்ல ஒண்ணும் மிஞ்சாது. ஒரே போன வீடே பொழங்கற இடத்துல, எச்ஐவி பத்தியோ வீட்டுக்குள்ள நடக்கற அடிதடி பத்தியோ கேள்வி கேக்கறோம்னா, இந்த வித்தியாசம் ஒரு பொண்ணோட பாதுகாப்பு. ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சா, ஒப்புதல் வாங்கும்போது அவளுக்கு எப்படி புரிய வைப்பேன்?

மூணாவது, மிஸ்டு கால். 'தவறிய அழைப்பு'ன்னு பத்திரிகைல போடறாங்க, எடுக்க முடியாம போனதுக்கு அது சரி. களத்துல நடக்கறது வேற, ஏர்டைம் இல்லாதவங்க வேணும்னே ஒரு மணி அடிச்சு வைக்கறாங்க, நாம திருப்பி கூப்பிடறோம். 2001லேந்து இங்க 'ப்ளீஸ் கால் மீ', அதாவது என்னைக் கூப்பிடுங்கன்னு கேக்கற இலவச செய்தி ஓடுது, 2008ல மாசிலுலேகேங்கற எச்ஐவி திட்டக்காரங்க அந்த செய்தில மிச்சம் இருந்த இடத்துல எச்ஐவி உதவி எண்ணைப் போட்டு அனுப்ப ஆரம்பிச்சாங்க, உதவி எண்ணுக்கு வந்த அழைப்பு வெகுவா கூடிச்சு. காசில்லாதவங்க தனக்குன்னு வச்சிருக்கற வழி அது, அதுக்கு 'தவறிய'ன்னு எப்படி பேரு வைக்கறது? 'மணிக்குறிப்பு'ன்னு ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேன், வாயால சொன்னா கொஞ்சம் கனமா இருக்கு. ஐயா, இதுக்கு ஒரு நல்ல பழைய சொல் உங்ககிட்ட இருந்தா குடுங்க, ஒருத்தர போன்ல கூப்பிட்டு சொல்லிப் பாத்துட்டு எழுதுங்க. டர்பன் வட்டாரத்துல மெர்பேங்க், டொங்காட் பக்கம் இருக்கறவங்களும் வீட்டு பெரியவங்ககிட்ட 'பொத்தான்பேசி', 'நட்சத்திர எண்' ரெண்டையும் போன்லயே சொல்லி, என்ன விளங்குச்சுன்னு கேட்டு போடுங்க. அது வந்த பிறகு பட்டியல்ல ஏத்தலாம்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து