டெட்ரா மீன் தொட்டியில் பிஹெச் (தண்ணீரின் அமில-கார அளவு), டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) ரெண்டும் ஏறிக்கிட்டே இருக்கு. கல்தான் காரணமா? செலவில்லாமல் நல்ல கல் எங்கே எடுக்கலாம்?

சேலத்து டெட்ரா:
எல்லாருக்கும் வணக்கம். ஊர் சேலம். 3 அடி தொட்டி, அகலம் 1 அடி, உயரம் ஒன்றரை, கணக்குக்கு 120 லிட்டர் வரும். நியான் டெட்ரா ஒரு கூட்டம், அடியில் கோரிடோராஸ் மீன்கள். ஆர்.ஓ. தண்ணீரில் கொஞ்சம் கார்ப்பரேஷன் தண்ணீர் கலந்து டிடிஎஸ் 110, பிஹெச் 6.8 வருகிற மாதிரி வைத்துத்தான் ஊற்றுகிறேன். ரெண்டு வாரம் போனால் டிடிஎஸ் 230 தாண்டுகிறது, பிஹெச் 7.8ல் நிற்கிறது. தண்ணீர் மாற்றினால் இறங்கும், மறுபடி ஏறும். நியான்கள் நிறம் மங்கி மூலையில் ஒதுங்குகின்றன.

உள்ளே இருக்கும் கல் ரெண்டு வகை. ஒன்று, வீட்டில் அலமாரித் தட்டு போட்டதில் மிஞ்சிய கடப்பா கல் துண்டுகள், குகை மாதிரி அடுக்கியிருக்கிறேன். இன்னொன்று, ஏற்காடு அடிவாரத்துப் பக்கம் கிடைத்த வெள்ளைக் கல். சுண்ணாம்பு இருந்தால் நுரைக்குமே என்று வினிகர் ஊற்றிப் பார்த்தேன், வெள்ளைக் கல்லில் நுரையே வரவில்லை. கடப்பாவில் லேசாக ஏதோ வந்த மாதிரி, வராத மாதிரி.

கடையில் டிராகன் ஸ்டோன் என்கிற அலங்காரக் கல் கிலோ 180 ரூபாய் சொல்கிறார்கள். இந்தத் தொட்டிக்கு 12, 15 கிலோ வேண்டும். அது இப்போதைக்குக் கட்டுப்படியாகாது. வழி சொல்லுங்கள்.

ஏரிக்கரை:
கல்லுக்கு வருவதற்கு முன்னாடி ஒரு கேள்வி தம்பி. ஆவியாகிக் குறைகிற தண்ணீருக்கு எதை ஊற்றி நிரப்புகிறீர்கள்? குழாய்த் தண்ணீர் என்றால் அதிலேயே டிடிஎஸ் ஏறும். தண்ணீர் மட்டும்தான் ஆவியாகும், உப்பு உள்ளேயே தங்கிவிடும்.

சேலத்து டெட்ரா:
வெறும் ஆர்.ஓ. தண்ணீர்தான் அண்ணா. கார்பன் டை ஆக்சைடு எதுவும் விடவில்லை. தீனியும் அளவாகத்தான்.

ஏரிக்கரை:
அப்படியென்றால் சந்தேகம் கல் மேல்தான் போகிறது. காரணம் சொல்கிறேன். தீனி, கழிவு சேர்ந்து டிடிஎஸ் ஏறினால் கூடவே பிஹெச் இறங்கப் பார்க்கும். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா தண்ணீரின் காரத்தன்மையைத் தின்றுகொண்டே இருக்கும். உங்களுக்கு ரெண்டும் சேர்ந்து ஏறுகிறது. சுண்ணாம்பு மாதிரி ஏதோ ஒரு கார்பனேட் கரைகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். கேஹெச் (கார்பனேட் கடினத்தன்மை) டெஸ்ட் கிட் இருந்தால் புதுத் தண்ணீரையும் தொட்டித் தண்ணீரையும் பக்கத்தில் பக்கத்தில் அளந்து பாருங்கள், பளிச்சென்று தெரியும்.

கடப்பா கல்லை முதலில் வெளியே எடுங்கள். கறுப்பாக, கெட்டியாக இருப்பதால் கருங்கல் சாதி என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது சுண்ணாம்புக் கல். சமையல் மேடையில் கடப்பா போட்ட வீட்டில் கேட்டுப் பாருங்கள், எலுமிச்சம்பழச் சாறோ புளித்தண்ணியோ சிந்தி உடனே துடைக்காவிட்டால் அந்த இடம் வெளுத்துத் தடம் விழும், தேய்த்தாலும் போகாது. அமிலம் கல்லைத் தின்ற தடம் அது. கிரானைட் மேடையில் அப்படி ஆகாது. கோட்டா, ஷாஹாபாத் கற்களும் சுண்ணாம்பு வகைதான்.

கொளத்தூர் பக்கம்:
மொசைக் தரைக்குப் போடுகிற வெள்ளை மார்பிள் சிப்ஸையும் சேர்த்துக்கோங்க. தொட்டிக் கடைகளிலேயே "வெள்ளை கிராவல்" என்று கிலோ கணக்கில் விற்கிறார்கள். பார்க்க அழகு, டெட்ராவுக்கு ஆகாது. சாயம் பூசின கலர் கல்லும் வேண்டாம், தரமில்லாத சாயம் கொஞ்ச நாளில் உரிந்து தண்ணியில் கலக்கும்.

பாறைக்காரி:
கல்லூரியில் புவியமைப்பியல் படித்தேன், அதனால் இந்த வெள்ளைக் கல்லைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. சேலம் என்றதுமே மனசு அங்கேதான் போனது.

உங்கள் ஊரில் வெள்ளையாகக் கிடப்பதெல்லாம் தண்ணீரில் கரையாத வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) ஆகிவிடாது. ஏற்காடு மலைக்குக் கீழே இருக்கும் சாக் ஹில்ஸ் மேக்னசைட்டுக்குப் பேர்போன இடம். மேக்னசைட் என்றால் மெக்னீசியம் கார்பனேட். வெள்ளையாக, உடைந்த பீங்கான் போல மங்கலாக இருக்கும். இதில் சிக்கல் என்னவென்றால், குளிர்ந்த அமிலத்தில் மேக்னசைட் நுரைக்கவே நுரைக்காது என்று சொல்லலாம். வினிகர் சோதனையில் சுலபமாகத் தப்பிவிடும். ஆனால் உங்களுடையது மாதிரி மென்மையான தண்ணீரில் மெதுவாகக் கரைந்து மெக்னீசியமும் கார்பனேட்டும் விடும். டோலமைட்டும் கிட்டத்தட்ட இப்படித்தான், முழுக் கல்லாக இருக்கும்போது சும்மா இருக்கும், சுரண்டிய தூளில்தான் லேசாகப் பொங்கும்.

அதனால் வினிகருக்கு முன்னாடி கீறிப் பாருங்கள். ஒரு பழைய கண்ணாடிப் பாட்டிலை எடுத்து, கல்லின் கூரான முனையால் அழுத்தி இழுங்கள். வெங்கச்சங்கல் கண்ணாடியை நிஜமாகவே கீறும், விரலால் தடவினால் பள்ளம் தட்டுப்படும். மேக்னசைட், சுண்ணாம்புக் கல், பளிங்கு மூன்றும் கீறாது. வெள்ளையாக ஒரு கோடு விழுந்தாலும் துடைத்தால் போய்விடும், அது கல்லின் தூள். அடுத்து அந்தக் கல்லையே கத்தி முனையால் சுரண்டுங்கள். மேக்னசைட் பொடி உதிரும். வெங்கச்சங்கல் மேல் கத்தியின் இரும்புதான் சாம்பல் கோடாக ஒட்டும். இன்னொன்றும் உண்டு, சின்ன வயசில் கிராமத்தில் விளையாடியவர்களுக்குத் தெரியும்: ரெண்டு வெங்கச்சங்கல்லை இருட்டறையில் ஒன்றோடொன்று அழுத்தி உரசினால் உள்ளுக்குள் மினுக்கென்று ஒளி ஓடும், கருகின வாசனை வரும். மேக்னசைட்டில் இது வராது.

கண்ணாடியைக் கீறாத கல்லெல்லாம் கெட்ட கல் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்லேட் கீறாது, ஆனாலும் பெரும்பாலும் பாதுகாப்பானது. அந்த மாதிரிக் கற்களுக்குத் தூளைச் சுரண்டி வினிகர் விட்டுப் பார்க்க வேண்டும். பாலிஷ் போட்ட முகத்தில் விட்டால் ஒன்றும் சரியாகத் தெரியாது, உங்கள் கடப்பாவில் குழப்பமாக வந்ததற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

பச்சை, நீலக் கறை, பித்தளை மாதிரி மினுங்கும் புள்ளி, துருப்பிடித்த கோடு இருக்கிற கல் எதையும் உள்ளே விடாதீர்கள். பச்சை, நீலம் என்றால் செம்பாக இருக்கலாம். செம்பு மீனுக்கு ஆகாது, இறாலுக்கு எமன்.

கொளத்தூர் பக்கம்:
வினிகருக்குப் பதில் பாத்ரூம் கழுவுகிற ஆசிட் விட்டால் சட்டென்று தெரியுமே அக்கா?

பாறைக்காரி:
தெரியும் தம்பி. வீட்டுக்குள் மட்டும் வேண்டாம். மொட்டை மாடியில், கையுறை போட்டு, ஒரு சொட்டு போதும். பக்கத்தில் பிளீச்சிங் பவுடர் இருக்கவே கூடாது, ரெண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கல்லைச் சுத்தம் செய்ய சிலர் ரெண்டையும் ஒரே வாளியில் கொட்டுகிறார்கள், உயிருக்கே ஆபத்து.

ஏரிக்கரை:
இதெல்லாம் முடிந்த பிறகு ஊறல் சோதனை ஒன்று செய்யுங்கள். ஒரே மாதிரி ரெண்டு பிளாஸ்டிக் டப்பா. ரெண்டிலும் ஒரே ஆர்.ஓ. தண்ணீர், ஒன்றில் மட்டும் நன்றாகக் கழுவிய கல். மூடி போட்டு ஒரு வாரம் விட்டு ரெண்டிலும் டிடிஎஸ் பாருங்கள். கல் இல்லாத டப்பா எதற்கென்றால், டப்பாவே ஏதாவது விட்டாலும் மீட்டர் தடுமாறினாலும் அதில் தெரிந்துவிடும். ரெண்டு மூன்று பிபிஎம் வித்தியாசம் தூசியில் வருவது. இருபது, முப்பது என்று ஏறினால் அந்தக் கல் உங்கள் டெட்ராவுக்கு இல்லை.

மலாவி பிரியன்:
அந்தக் கடப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதீங்க! என் தொட்டியில் மலாவி ஏரி சிக்லிட் மீன்கள். அதுகளுக்கு பிஹெச் 7.8 முதல் 8.6 வரை கடினத் தண்ணீர்தான் பிடிக்கும். எனக்கு அது வரப்பிரசாதம். மோலி, கப்பி வைத்திருப்பவர்களுக்கும் சுண்ணாம்புக் கல்லால் தொல்லை இல்லை. போர் தண்ணீரே ஏற்கெனவே கடினமாக இருக்கும் வீடுகளில் அது பெரிதாகக் கரையவும் செய்யாது. ராமேஸ்வரம் பக்கம் கிடைக்கிற பவளக் கல்லும் இதே வேலையைச் செய்யும் என்று கேள்விப்பட்டேன், யாராவது வாங்கியிருக்கிறீர்களா?

பாறைக்காரி:
பவளத்தைத் தொடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டது, செத்த துண்டை வைத்திருந்தாலும் குற்றம்தான். மன்னார் வளைகுடாவில் எஞ்சியிருக்கும் பவளப்பாறையை நாம் தொட்டிக்காகக் குறைக்க வேண்டாம். அதே மாதிரி திருவக்கரைக் கல்மரத் துண்டையும் யாரும் எடுத்து வராதீர்கள். உங்களுக்குக் கடப்பாவே போதும்.

ஏரிக்கரை:
செலவில்லாத கல்லுக்கு வருகிறேன். கிரானைட் பட்டறைக்குப் போங்கள். மூலையில் வெட்டுத் துண்டு குவிந்து கிடக்கும், கேட்டால் பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள். பாலிஷ் முகம் பின்னால் போகிற மாதிரி, உடைந்த முகம் முன்னால் தெரிகிற மாதிரி வைத்தால் பாறைச் சரிவு மாதிரியே இருக்கும். அங்கே மார்பிள் துண்டும் கலந்து கிடக்கும், பார்த்துப் பொறுக்க வேண்டும். இல்லையென்றால் அஸ்திவாரத்துக்குப் போடும் அரளைக் கல்லில் நாலைந்து, இடுக்கில் தூவ ஒன்றரை இஞ்ச் ஜல்லி ஒரு சட்டி. கட்டட வேலை நடக்கும் இடத்தில் சிமெண்ட் ஒட்டாத கல்லாக எடுங்கள், புது சிமெண்ட் பிஹெச்சை ஏகத்துக்கு ஏற்றிவிடும். கேட்டுவிட்டு எடுங்கள்.

ஜல்லியின் முனை கூர்மை. கோரிடோராஸ் மண்ணைக் கிண்டித்தான் சாப்பிடும், மீசை அறுந்து புண்ணாகும். அதனால் தரைக்கு நைசான மணல், ஜல்லி கல்லிடுக்கில் மட்டும். பெரிய கல்லின் விளிம்பை இன்னொரு கருங்கல்லால் தேய்த்து மழுங்கடித்துவிடுங்கள்.

அடுக்கும்போது முதலில் கல், பிறகு மணல். அடியில் மெல்லிய தெர்மாகோல் துண்டு வையுங்கள், கண்ணாடியின் ஒரே புள்ளியில் பாரம் இறங்காது. 10 கிலோ கருங்கல் கிட்டத்தட்ட 4 லிட்டர் தண்ணீர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், மருந்து போடும்போது அதைக் கழித்துக் கணக்குப் போடுங்கள். ஆடுகிற கல்லை அக்வேரியம் சிலிகான் வைத்து ஒட்டலாம், பூஞ்சை மருந்து கலந்த பாத்ரூம் சிலிகான் கூடாது.

கழுவ பிரஷ்ஷும் தண்ணீரும் போதும், சோப்பு வேண்டாம். கல்லை அடுப்பில் வைத்துக் கொதிக்க விடாதீர்கள், உள்ளே ஈரம் சிக்கியிருந்தால் வெடிக்கும். வாளியில் வைத்து மேலே வெந்நீர் ஊற்றினால் போதும்.

சேலத்து டெட்ரா:
எல்லாருக்கும் நன்றி. முடிவு இதோ. வெள்ளைக் கல்லில் சின்னது எல்லாம் கண்ணாடியைக் கீறியது, இருட்டில் மினுக்கவும் செய்தது. நடுவில் வைத்திருந்த பெரிய கல் கீறவே இல்லை, கத்தியில் மாவு மாதிரி உதிர்ந்தது. கடப்பாத் தூளில் வினிகர் விட்டதும் பொடிப் பொடிக் குமிழ் வந்தது. ஊறல் டப்பாவில் கல் இல்லாத தண்ணீர் 24, சின்ன வெள்ளைக் கல் 25, பெரிய வெள்ளைக் கல் 51, கடப்பா 68. பட்டறையில் கிரானைட் துண்டு கிடைத்துவிட்டது, அது 25.

பாறைக்காரி அக்கா, அந்தப் பெரிய கல்லை நான் சந்தேகப்பட்டிருக்கவே மாட்டேன். மலாவி அண்ணா, கடப்பா உங்களுக்குத்தான், தனிச் செய்தி அனுப்புகிறேன். கடைசியாக ஒன்று: கல்லை எடுத்த கையோடு பாதித் தண்ணீரை மாற்றி டிடிஎஸ்ஸைச் சட்டென்று இறக்கிவிடலாமா?

ஏரிக்கரை:
வேண்டாம் தம்பி. மீன் இப்போதைய 230க்கு உடம்பைப் பழக்கி வைத்திருக்கிறது. திடீரென்று இறக்கினால் அதையே தாங்காமல் போகும். கல்லை இன்றைக்கே எடுங்கள். தண்ணீரை மட்டும் நாலைந்து நாளைக்கு ஒரு தடவை 10, 15 சதவீதமாக மாற்றி மெதுவாக இறக்குங்கள். இன்னொன்று, இத்தனை நாள் கடப்பாதான் கேஹெச்சைத் தாங்கிப் பிடித்தது. அது போனதும் வெறும் ஆர்.ஓ. பக்கம் சாய்ந்துவிடாமல், கேஹெச் 2, 3 நிற்கிற அளவுக்குக் கார்ப்பரேஷன் தண்ணீர் கலப்பதைத் தொடருங்கள். ஒரு மாதத்துக்கு ஃபில்டர் பஞ்சைக் கழுவாதீர்கள், கல்லோடு கொஞ்சம் பாக்டீரியாவும் வெளியே போயிருக்கும்.