புதுப்பிப்பு: மகனை கிரிக்கெட் கிளப்பின் ஐந்தாம் கிரேடிலிருந்து விலக்கலாமா என்று கேட்டிருந்தேன்

அக்டோபரில் எழுதியது நினைவிருக்கலாம். சிட்னி பிரீமியர் கிரிக்கெட் கிளப் ஒன்றின் ஐந்தாம் கிரேடில் (கிளப்பின் ஐந்தாவது அணி, முதல் கிரேடுதான் உச்சம்) பையனுக்கு இடம் கிடைத்தும், பந்து வீச வாய்ப்பே தரவில்லை. பழைய உள்ளூர் கிளப்புக்கே திரும்பிவிடலாமா என்று கேட்டிருந்தேன். பெரும்பாலானோர் பொறுக்கச் சொன்னீர்கள். பொறுத்தோம்.

உண்மையான சிக்கல் பிட்ச்தான் என்று அப்புறம்தான் புரிந்தது. அவன் வளர்ந்தது கான்கிரீட் மேல் விரித்த செயற்கைத் தரையில். அதில் ஒரே மாதிரி எழும்பும் பந்து, புல் பிட்சில் தாழ்ந்து சறுக்கியது. லெங்த்தை, அதாவது பந்து தரையில் குத்தும் இடத்தை, மட்டையாளர் பக்கமாக முன்னே தள்ளக் கற்க இரண்டு மாதம் பிடித்தது. வலைப்பயிற்சியில் சொல்லிக்கொடுத்தவர், முதல் கிரேடில் ஆடும் ஒரு வேகப்பந்து வீச்சாளர்! இந்த ஊர் கிளப் அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

போன சனிக்கிழமை, அடுத்தடுத்த இரண்டு சனிக்கிழமைகளில் நடக்கும் ஆட்டத்தின் இரண்டாம் நாள். காலையில் பிட்சை மூடியிருந்த தார்ப்பாயை எட்டுப் பேராக இழுத்தோம், பனி நீர் முழங்கால் வரை நனைத்தது. மாலை கடைசி மணி நேரத்தில் பந்து அவன் கைக்கு வந்தது. 6 ஓவர், 2 விக்கெட். ஸ்கோர் புத்தகத்தில் எழுதியவன் நான்தான், கை நடுங்கியது.

அடுத்த வாரம் நான்காம் கிரேடு. சரி, தகவல் இருந்தால் எழுதுகிறேன்.