தாண்டிக்குடிக் காபியைப் பால் இல்லாமல் குடித்த அன்று

மதுரையில் நல்ல காபி எங்கே என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது கோரிப்பாளையம் விசாலம் காபிதான். கள்ளிச்சொட்டு டிகாக்ஷன், நின்றபடியே குடித்துவிட்டுப் போகலாம். வீட்டுக்கு வேண்டுமென்றால் மாசி வீதிகள் பக்கம் கண்ணெதிரே அரைத்துத் தரும் தூள் கடைகள் உண்டு. "சிக்கரி எவ்வளவு?" என்று கேட்பார்கள். நான் எப்போதும் 80க்கு 20தான். சூடு ஆறாத பொட்டலத்தோடு டவுன் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் ஒருமுறையாவது திரும்பிப் பார்ப்பார்.

புதிதாக வரும் காபி கடைகள் மேல் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பு இல்லை. ஒரு கடையில் இது எந்த ஊர்க் கொட்டை என்று கேட்டேன், பதில் சொல்ல ஆளில்லை. வாடிவாசல் மாதிரி கூட்டம் மட்டும் இருந்தது.

அப்புறம் போன தை மாதம் சித்தப்பா ஆஸ்பத்திரிக்காக மதுரை வந்திருந்தார். கீழ்ப்பழனி மலையில், பண்ணைக்காடு பக்கம், நாற்பது வருஷமாகக் காபித் தோட்டத்தில் வேலை பார்ப்பவர். வெயில் நேரம், அண்ணா நகரில் ஒரு சின்னக் கடையில் ஒதுங்கினோம். பலகையில் அதே மலையில் இருக்கும் 'தாண்டிக்குடி' ஊர்ப் பெயர் எழுதியிருந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

கடைத் தம்பி 15 கிராம் கொட்டையை எடைபோட்டு அரைத்தார். கூம்பு வடிகட்டியில் காகிதத்தை நனைத்து, தூளைப் போட்டு, கொஞ்சமாக வெந்நீர் விட்டு அரை நிமிஷம் நிறுத்தினார். தூள் மேலே பொங்கி உப்பியது. பிறகு வட்டம் வட்டமாக ஊற்றினார். மொத்தம் மூன்று நிமிஷம்.

"ஏப்பா, பால் ஊத்தலையா?" என்றார் சித்தப்பா.

"முதல்ல இப்படியே குடிச்சுப் பாருங்க ஐயா. பழத்தோடவே களத்துல காயவச்ச கொட்டை."

"செர்ரியா? பார்ச்மென்டை விட அதுக்கு விலை கம்மியாச்சே எங்க பக்கம்!" பழத்தோடு காயவைத்தால் செர்ரி, பழத்தோலை நீக்கிக் கழுவிக் காயவைத்தால் பார்ச்மென்ட்.

பழத்தைப் பழுத்ததாகப் பார்த்துப் பறித்து, களத்தில் பரப்பி, பூசணம் பிடிக்காமல் புரட்டிப் புரட்டிக் காயவைத்தால் அதே செர்ரிக்கு நல்ல விலை உண்டு என்றார் அந்தத் தம்பி. ருசி பார்ப்பவர்கள் நூற்றுக்கு 80 மதிப்பெண்ணாவது போட்டால்தான் ஸ்பெஷாலிட்டி என்ற பெயராம். சித்தப்பா தலையாட்டினார். பழுத்ததை மட்டும் பறிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியும். ஒரே கொத்தில் பச்சையும் செங்காயும் பழமும் சேர்ந்தே இருக்கும், ஒரே செடிக்கு மூன்று நான்கு தடவை போக வேண்டும்.

முதல் வாய்க்கு முகம் சுளித்தார். கொஞ்சம் ஆறிய பிறகு மறுபடி ஒரு வாய். கண்ணாடிக் குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், டீ மாதிரி தெளிந்த சிவப்பு.

"சின்ன வயசுல பறிக்கப் போறப்போ பழத்தை வாய்ல போட்டுச் சப்புவோம்பா. அந்த இனிப்பு இதுல இருக்கு."

பால் கேட்கவே இல்லை. சித்திக்குக் கால் கிலோ கொட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார், அதே மலைக்குத் திரும்பக் கொண்டுபோக.