மதுரையைப் பத்தி இந்த வருசம் படிச்சதுல எது தேறுச்சு? (கதை, நாவல் தவிர)

வடக்குமாசி வாசகர்:
வணக்கம். எங்க வாசகர் வட்டத்துல அடுத்த மூணு மாசத்துக்கு மாசம் ஒண்ணா மூணு புத்தகம் எடுக்கணும். இந்த ஒரு வருசத்துல நீங்க படிச்சதுல மதுரை வட்டாரத்தைப் பத்தினது எதைச் சொல்வீங்க? ஊர்ப்பெருமை பேசுறது வேண்டாம், சொல்றதுக்கு ஆதாரம் காட்டணும். பத்துப் பேர்ல ரெண்டு பேருக்குத்தான் ஆங்கிலம் சரளம், அதையும் மனசுல வச்சுக்கங்க.

கள்ளந்திரி:
யோசிக்கவே வேண்டாம், தொ. பரமசிவனோட ‘அழகர் கோயில்’. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்குச் செஞ்ச முனைவர் பட்ட ஆய்வு, 1989ல புத்தகமா வந்தது. ஆய்வேடுன்னு பயந்துராதீங்க. ராஜா, கல்வெட்டு, திருப்பணின்னு முடிச்சுக்காம கள்ளர், இடையர், வலையர், பள்ளர், பறையர்னு ஒவ்வொரு சாதிக்கும் அந்தக் கோயிலோட என்ன உறவுன்னு தனித்தனியா எடுத்துப் பேசுறார். சித்திரைத் திருவிழாவுல வேசம் கட்டி வர்றவங்களைக்கூட திரியெடுத்து ஆடுறவங்க, திரி இல்லாம ஆடுறவங்க, சாட்டையடிச்சு ஆடுறவங்க, துருத்தியில தண்ணி பீச்சுறவங்கன்னு பிரிச்சுப் பார்க்கிறார். ஆத்துல எல்லாரும் பார்க்கிற கூட்டம்தான், ஆனா அதுல ஒரு வரிசை இருக்குன்னு இதைப் படிச்சாத்தான் புரியும்.

வட்டத்துல படிக்கிறதா இருந்தா முதல் பக்கத்துல ஆரம்பிக்காதீங்க, பாதிப் பேர் ரெண்டாவது வாரமே நழுவிருவாங்க. திருவிழா இயலை முதல்ல எடுங்க, அடுத்து பதினெட்டாம்படிக் கருப்பசாமி, அதுக்கப்புறம் சாதிகளைப் பத்தின இயல்கள். கோயில் முன்னாடி பௌத்தக் கோயிலா இருந்ததுன்னு வாதிடுற பகுதியை மட்டும் நிதானமாப் படிங்க. அது சான்றுகளைக் கோத்துச் செய்யிற ஊகம், கள ஆய்வுப் பகுதிகள் அளவுக்கு அதுக்குப் பிடிமானம் கிடையாது.

இன்னொண்ணு: மீனாட்சி கல்யாணம் முன்னாடி மாசியில நடந்தது, திருமலை நாயக்கர்தான் சித்திரைக்கு மாத்தினார்னு சொல்வாங்க. சித்திரைத் தேர் இன்னைக்கும் மாசி வீதியிலதானே ஓடுது! இதை முன்வச்சு விவாதத்தை ஆரம்பிச்சா யாரும் வாட்ஸாப் பார்க்க மாட்டாங்க.

சமணமலை அடிவாரம்:
ரெண்டாவதா தமிழ்நாடு தொல்லியல் துறை 2019ல வெளியிட்ட கீழடி அறிக்கை. சின்ன நூல், தமிழிலேயே இருக்கு. கீழடியைப் பத்தி வந்த மத்த புத்தகங்களை அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல அறிக்கை.

படிக்கும்போது எல்லாரும் வழுக்குற இடம் கி.மு. 580. அது 353 செ.மீ. ஆழத்துல எடுத்த ஒரு கரித்துண்டோட காலம். அதே இடத்துல 200 செ.மீ. ஆழத்து மாதிரிக்கு கி.மு. 205னு வந்திருக்கு. கரிக்குத்தான் தேதி, பானை ஓட்டுக்கு நேரடியா இல்ல. ஓடு எந்தக் குழியில, எந்த ஆழத்துல கிடைச்சதுன்னு பார்த்துட்டுத்தான் தேதியோட சேர்க்கணும். போதாக்குறைக்கு, கி.மு. 800ல இருந்து 400 வரைக்கும் கரிமக் காலக்கணிப்புக்கான திருத்தக் கோடு, அதாவது கரியில அளந்ததை நாட்காட்டி வருசமா மாத்துற கோடு, கிட்டத்தட்ட படுத்துக் கிடக்கும். அந்தக் காலத்துப் பொருளுக்கு ஆய்வகம் ஒரு வருசத்தைக் கொடுக்காது, நீண்ட இடைவெளியைத்தான் கொடுக்கும். அட்டவணையில அந்த இடைவெளியைத் தேடிப் படிங்க, நாளிதழ்த் தலைப்புல அது வராது. 56 தமிழி (தமிழ்-பிராமிங்கிற பழைய எழுத்து) பொறிச்ச பானை ஓடுகள் பத்தின பகுதிக்குத் தனியா ஒரு நாள் ஒதுக்குங்க.

மேலூர் கால்வாய்:
அந்த ரெண்டு ஆங்கிலப் புலிகளுக்கு வேலை கொடுங்க: வெள்ளைக்கார அதிகாரி நெல்சன் எழுதின ‘தி மதுரா கன்ட்ரி’, 1868. காப்புரிமை முடிஞ்சது, இணையத்துல ஸ்கேன் சும்மாவே கிடைக்கும். பெரியாறு அணை 1895ல வந்தது. அதுக்கு முன்னாடி இந்தப் பக்கம் கண்மாயும் மழையும்தான், அந்த ஊரை இதுல பார்க்கலாம். பழங்கால வரலாறு சொல்ற பகுதியைத் தாண்டிப் போயிருங்க, புராணத்தையும் சரித்திரத்தையும் கலந்து கட்டியிருக்கார். சாதிகளைப் பத்தி எழுதுறதுல வெள்ளைக்கார ஆபீசர் புத்தி தெரியும். தேடும்போது பழைய எழுத்துக்கூட்டல் போடணும்: மதுரைக்கு ‘மதுரா’, பாளையக்காரருக்கு ‘பாலிகார்’. இல்லேன்னா ஒண்ணும் சிக்காது.

வடக்குமாசி வாசகர்:
மூணும் முடிவாயிருச்சு, நன்றிங்க. ஐராவதம் மகாதேவனோட தமிழிக் கல்வெட்டு நூலை யாரும் சொல்லலையே? அதோட ஒரு ஞாயித்துக்கிழமை, தமிழிக் கல்வெட்டு இருக்கிற மாங்குளம் மலைக்கும் போகலாம்னு நினைப்பு.

சமணமலை அடிவாரம்:
‘ஏர்லி தமிழ் எபிகிராபி’, 2003. தடிமனான ஆங்கில நூல், வட்டத்துல முழுசாப் படிக்க ஆகாது. நத்தம் ரோடு கலைஞர் நூற்றாண்டு நூலகத்துல கேட்டுப் பாருங்க. மாங்குளம் பகுதியை மட்டும் எடுத்தாப் போதும்.

மலைக்கு காலையில சீக்கிரம் ஏறுங்க, வெளிச்சம் சாய்வா விழுந்தாத்தான் வெட்டு தெரியும். உச்சி வெயில்ல பாறை மொட்டையா இருக்கும். டார்ச் கொண்டு போனா எழுத்துக்கு நேரா அடிக்காதீங்க, பக்கவாட்டுல பாறையோட ஒட்டிப் பிடிங்க. சாக்பீஸ், தண்ணி எதுவும் தடவக் கூடாது.

முதல்ல ‘பளிஇய்’ங்கிற சொல்லைத் தேடுங்க. நம்ம ‘பள்ளி’தான். ளகரத்தை இரட்டிக்காம ஒண்ணே ஒண்ணு போட்டு, பின்னாடி ஒரு இகரத்தைத் தனியா சேர்த்திருப்பாங்க. அது பிடிபட்டுட்டா அதே கல்வெட்டுல வர்ற பாண்டிய ராஜா நெடுஞ்செழியன் பேரையும் நீங்களே எழுத்துக்கூட்டிருவீங்க.