ஒன்பது மணிக்கு ஏலம் முடிந்தால் முடிந்ததுதான்: பிரிக்காத போன் விற்ற அனுபவம்

சிங்கப்பூரில் நம்மவர்கள் வீட்டு அலமாரியைத் திறந்தால் பெட்டி பிரிக்காத போன் ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு வருடக் காண்ட்ராக்டைப் புதுப்பித்தபோது டெல்கோ (தொலைபேசி நிறுவனம்) குறைந்த விலைக்குக் கொடுத்திருக்கும். கையில் இருப்பதே நன்றாக ஓடுவதால் புதியதைப் பிரிக்க மனம் வராது. கம்பெனி டின்னரில் அதிர்ஷ்டக் குலுக்கலில் விழுந்திருக்கும். ஊருக்கு எடுத்துப்போக வாங்கி, அந்தப் பயணமே தள்ளிப்போயிருக்கும்.

இப்படிப்பட்ட போன்களை எங்கள் வட்டாரத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஏலம் விட்டு விற்கிறோம். குழுவில் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடுகளில் இருக்கும் குடும்பங்களும் உண்டு, வேலைக்கு வந்து தங்குவிடுதிகளில் இருக்கும் தம்பிகளும் உண்டு. ஏலத்தை நடத்துவது பெரும்பாலும் நான்தான். பழைய போன் வாங்கும் கடையில் கொடுக்கலாமே என்று கேட்பார்கள். தாராளமாகக் கொடுக்கலாம். கடைக்காரர் லோக்கல் செட்டா (இங்கே விற்பதற்கென்று வந்தது) எக்ஸ்போர்ட் செட்டா (வெளிநாட்டில் விற்பதற்கென்று வந்தது) என்று கேட்பார், ரசீது கேட்பார், ஒரு விலை சொல்வார். அதன்மேல் லாபம் வைத்து அவர் விற்றாக வேண்டும். அந்த லாபத்தை விற்பவரும் வாங்குபவரும் பங்குபோட்டுக்கொள்ள வழி இருக்கும்போது ஏன் விட வேண்டும்? இதற்காகவே இந்த ஏலத்தை நான் விரும்புகிறேன்.

ஒரு விஷயம். போனை அலமாரியில் வைத்திருப்பதால் அதன் மதிப்பு அப்படியே இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஆப்பிளின் ஒரு வருட வாரண்டி நீங்கள் வாங்கிய தேதியிலிருந்து ஓடத் தொடங்கிவிடும், பிரித்தாலும் பிரிக்காவிட்டாலும். செப்டம்பரில் புது ஐபோன் வரும், வருடத் தொடக்கத்தில் சாம்சங் எஸ் வரிசையில் புதியது வரும். இரண்டு சமயத்திலும் பழைய மாடலின் விலை இறங்கும். வருடக்கணக்கில் சார்ஜ் ஏறாமல் கிடந்தால் பேட்டரிக்கும் நல்லதில்லை. விற்பதென்று முடிவு செய்தால் சீக்கிரம் விற்றுவிடுங்கள்.

2024-ல் ஓர் ஐபோன் 15 ஏலத்துக்கு வந்தது, 128 ஜிபி, பிரிக்காத பெட்டி. 2023 செப்டம்பரில் அது இங்கே 1,299 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வெளிவந்தது. ஐபோன் 16 வருவதற்குள் விற்றுவிட வேண்டும் என்று அதை விற்கக் கொடுத்த அக்கா அவசரப்பட்டார். ஆரம்ப விலை 700 வெள்ளி, ஏற்றினால் குறைந்தது 10 வெள்ளி, ஞாயிறு இரவு 9 மணிக்கு முடிவு என்று போட்டேன். பெட்டியின் நான்கு பக்கப் படங்களையும் வாங்கிய ரசீதையும் (பெயர், முகவரியை மறைத்துவிட்டு) சேர்த்தேன். ஐஎம்இஐ எண்ணில் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும்படி விட்டேன். முழு எண்ணையும் பொதுவில் போட்டால் வேறு யாராவது எடுத்துத் தன்னிடம் இல்லாத போனை விற்கப் பயன்படுத்தலாம்.

எட்டரை வரைக்கும் மெதுவாகத்தான் போனது. அப்புறம் 810, 850, 880 என்று மளமளவென ஏறியது. 8.58-க்குத் தங்குவிடுதியில் இருக்கும் ஒரு தம்பி 900 போட்டார். ஒன்பது மணி அடித்தது. "900-க்கு முடிந்தது" என்று குழுவில் எழுதிவிட்டேன்.

நாலு நிமிஷம் கழித்து எங்கள் புளோக்கில் இருக்கும் ஓர் அண்ணன் எனக்குத் தனியாகக் குரல் பதிவு அனுப்பினார். "தங்கச்சி, சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்மா, பார்க்கலை. நாலு நிமிஷம்தானே, நான் 950 தர்றேன்." 50 வெள்ளி சும்மா கிடைக்கும் காசில்லை. போனும் என்னுடையது இல்லை, அந்த அக்காவுடையது. அவரிடம் விஷயத்தை அப்படியே சொன்னேன், தம்பிக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று என் கருத்தையும் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்" என்றார். "அண்ணே, ஒன்பதுக்கு மேல வந்ததைக் கணக்கில் சேர்க்க முடியாது" என்று அண்ணனுக்குப் பதில் அனுப்பினேன். அவருக்குக் கோபம்தான். கொஞ்ச நாள் லிஃப்டில் பார்த்தாலும் பேசவில்லை.

நான் இதில் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கடைக்கு லைசென்ஸ் உண்டு, ரசீது உண்டு. எங்கள் ஏலத்துக்கு எழுதிய நேரத்தையும் எழுதிய தொகையையும் தவிர வேறு எதுவும் இல்லை. அதை ஒருமுறை 50 வெள்ளிக்காக மாற்றினால், அடுத்த முறை ஒன்பது மணிக்கு முன்னால் யாரும் உண்மையான விலையைப் போட மாட்டார்கள். எல்லாரும் முடியட்டும் என்று காத்திருந்து தனியாகப் பேரம் பேசுவார்கள். அப்போது ஜெயிப்பது விற்பவரை நேரில் தெரிந்தவர்தான். தங்குவிடுதியில் இருக்கும் தம்பிக்கு அந்த வாய்ப்பே இருக்காது. அந்த ஏலத்துக்கு அப்புறம் கடைசி ஐந்து நிமிடத்துக்குள் யாராவது ஏற்றினால் முடிவு நேரம் ஐந்து நிமிடம் தள்ளிப்போகும் என்று விதியைச் சேர்த்தோம். இன்னும் ஏற்ற நினைப்பவர் எல்லார் முன்னாலும் ஏற்றலாம்.

போனை ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையத்தில் கைமாற்றினோம். அந்தத் தம்பி போன் விவரம் தெரிந்த நண்பர் ஒருவரையும் கூட்டி வந்திருந்தார். தம்பி பெட்டியை வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கத்தில் இருக்கும் இரண்டு காகிதப் பட்டைகளையும் நகத்தால் மெல்லத் தடவிப் பார்த்தார். "அக்கா, மேல பிளாஸ்டிக் கவரே இல்லையே, பிரிச்சதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஐபோன் 13 வந்த 2021-லிருந்து ஆப்பிள் பெட்டிக்கு மேல் பிளாஸ்டிக் உறை போடுவதில்லை, கிழித்துத் திறக்கும் காகிதப் பட்டைதான். நண்பர் அதை உறுதிப்படுத்தினார். பணம் அனுப்பியதும் தம்பி எங்கள் முன்னாலேயே பெட்டியைப் பிரித்தார். சிம் போடுவதற்கு முன்பே, ஹலோ என்று வரும் முதல் திரையின் ஓரத்தில் இருக்கும் சிறிய ஐ குறியை அழுத்தினால் ஐஎம்இஐ தெரியும். அதைப் பெட்டியில் ஒட்டியிருந்த எண்ணோடு ஒவ்வோர் இலக்கமாக வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தார். காலேஜ் முடிக்கப்போகும் தங்கைக்காம். நான் அவசரப்படுத்தவில்லை. இத்தனை காசு கொடுப்பவர் இப்படித்தான் பார்க்க வேண்டும், நீங்களும் பார்க்க விடுங்கள்.

பணம் வாங்குவதைப் பற்றி. 2017-ல் பேநவ் (வங்கிக் கணக்குக்கு உடனே பணம் அனுப்பும் வசதி) வந்ததிலிருந்து இது சுலபமாகிவிட்டது: கைத்தொலைபேசி எண்ணைப் போட்டால் பெறுபவர் பெயர் தெரியும், பணம் சில நொடியில் வந்துவிடும். வராவிட்டால் வரவில்லை என்றுதான் அர்த்தம். குழுவுக்குப் புதிதாக வந்த ஒருவர் வேறொரு போனுக்குப் பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் காட்டி, "ராத்திரிக்குள் ஏறிவிடும், பேங்க் மெயின்டெனன்ஸ்" என்றார். படம் அச்சு அசலாக இருந்தது. என் வங்கிச் செயலியில் பணம் இல்லை. "ஏறினதும் கூப்பிடுங்க, கொண்டுவந்து தர்றேன்" என்று சொல்லிப் பெட்டியைப் பையில் வைத்துக்கொண்டேன். அவர் கூப்பிடவே இல்லை. இன்னொருவர் "பணம் பெற இதை அழுத்துங்கள்" என்று ஓர் இணைப்பை அனுப்பினார்; உள்ளே கார்டு எண்ணும் ஓடிபியும் கேட்டது. பணம் வாங்குபவருக்கு ஓடிபி தேவையே இல்லை. சந்தேகம் வந்தால் 1799-க்கு அழைத்துக் கேளுங்கள், மோசடி பற்றிக் கேட்பதற்கென்றே உள்ள எண் அது.

எனக்கு மிகவும் வருத்தம் தந்தது வேறு ஒன்று. ஒரு சாம்சங் போன் ஏலத்தில் இரண்டு பேர் மாறி மாறி ஏற்றிக்கொண்டே போனார்கள். ஜெயித்தவர் அப்புறம் பதிலே போடவில்லை. விசாரித்தால் அவர் விற்பவரின் சிநேகிதர், விலையை ஏற்றிவிடவே வந்தவர். கூடப் போட்டி போட்டவரோ அம்மாவுக்கு வாங்க நினைத்து வாராவாரம் சேர்த்த காசை வைத்து ஏற்றியிருக்கிறார். விற்பவர் அவரிடமே போய், "அவர் வாங்கலை, நீங்க கடைசியா போட்ட விலைக்கு எடுத்துக்கிறீங்களா" என்று கேட்டார். நான் குறுக்கிட்டேன். கள்ள ஏற்றம் தொடங்குவதற்கு முன்னால் அவர் போட்ட விலை எதுவோ அதற்குத்தான் கொடுக்க வேண்டும், முடியாது என்றால் ஏலம் ரத்து என்றேன். விற்பவர் ரத்து செய்துவிட்டுக் குழுவிலிருந்து விலகிக்கொண்டார். ஒரு போன் விற்காமல் போனதில் எனக்கு வருத்தமில்லை. அம்மாவுக்கு வாங்க நினைத்த அந்த மனிதர் இன்னும் யார் போட்டாலும் நம்பாமல் பார்க்கிறார், அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

பழைய பட்டன் போன்களும் வரும். பெட்டியோடு ஒரு நோக்கியா 3310 வந்தது, 2000-ல் வெளிவந்த அந்தப் பழைய மாடல். 2017 ஏப்ரலில் இங்கே 2ஜி நிறுத்தப்பட்டுவிட்டதால் இதில் சிக்னல் வராது என்று முதல் வரியிலேயே எழுதினேன். ஆனால் ஊரில் சில நிறுவனங்களின் 2ஜி இன்னும் ஓடுகிறது. தஞ்சாவூர்ப் பக்கத்து அண்ணன் ஒருவர் 35 வெள்ளிக்கு எடுத்தார். அவர் அப்பாவுக்குத் தொடுதிரை பழகவே இல்லையாம். பேட்டரி எப்படியிருக்கும் என்று சொல்ல முடியாது, ஊரில் மாற்ற வேண்டி வரலாம் என்பதையும் சொல்லித்தான் கொடுத்தோம்.

பிரித்துப் பயன்படுத்திய போனை ஏலம் விடுபவர்கள் ஐகிளவுட் அல்லது கூகுள் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டு அழியுங்கள். அழித்தால் மட்டும் போதாது, வாங்கியவருக்குப் பூட்டு விழுந்துவிடும். உங்கள் குழுக்களில் ஜெயித்தவர் வராமல் போனால் என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். முன்பணம் 20 வெள்ளி வாங்கலாமா என்று எங்கள் குழுவில் பேச்சு நடக்கிறது. தம்பிகள் சிலர் சம்பள நாளுக்கு முன்னால் அதுவே சிரமம் என்கிறார்கள், அதனால் எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை.