மச்சம் காட்டப் போகும் நாள் வரை மனதை எப்படிச் சமாளிப்பது?

எல்லோருக்கும் வணக்கம். நான் காட்பாடி. இடது உள்ளங்காலில் ரொம்ப நாளாக ஒரு மச்சம் உண்டு. இப்போது அதன் ஒரு ஓரம் மட்டும் கோணலாகப் பரவி, கறுப்பும் பழுப்புமாகத் தெரிகிறது. தோல் டாக்டரிடம் நேரம் கேட்டதில் அடுத்த வாரம்தான் கிடைத்தது.

அதுவரை எப்படி இருப்பது என்றுதான் தெரியவில்லை. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு போன் டார்ச்சை அடித்து, ஸ்கேலை வைத்து அளக்கிறேன். சந்தேகப்பட வேண்டிய அளவு என்கிற 6 மில்லிமீட்டரைத் தாண்டியிருக்கிறதா என்று சரியாகச் சொல்லவும் முடியவில்லை, காலைக் கொஞ்சம் மடக்கினாலே அளவு மாறுகிறது. நம்மைப் போன்ற நிறத்துக்காரர்களுக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் அபூர்வம் என்று தெரியும். ஆனால் வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில்தான் பெரும்பாலும் வரும் என்று படித்தது மண்டையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அம்மாவோ, “காலில் மச்சம் இருந்தால் ஊர் சுற்றுவாய், அவ்வளவுதான்” என்கிறார்.

சுண்ணாம்பு வைத்தால் உதிர்ந்துவிடும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். அதைச் செய்யமாட்டேன். மச்சத்தைப் புண்ணாக்கிவிட்டால் டாக்டர் எதைப் பார்த்துச் சொல்வார்?

இப்படிக் காத்திருந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ராத்திரிகளை எப்படி ஓட்டினீர்கள்? அப்புறம், உள்ளங்காலில் பயாப்சி (சோதனைக்காகத் தோலை வெட்டி எடுப்பது) எடுத்தவர்களுக்கு எத்தனை நாளில் சாதாரணமாக நடக்க முடிந்தது? நின்றுகொண்டே பார்க்கிற வேலை எனக்கு, லீவு சொல்ல வேண்டும்.