காலி வண்டி 65-ல் போனால் பின்பக்கம் குதிக்கிறது: ஷாக்கா, கமானா, டயரா?

அணைக்கட்டுக்காரன்:
வணக்கம். பிக்கப் வைத்திருக்கிறேன், பின்னாடி கமான் கட்டு (அடுக்கடுக்காக இரும்புப் பட்டை வைத்த ஸ்பிரிங்). சீசனில் இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் ஏற்றி வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்கு ஓட்டுவேன், மற்ற நாளில் கிடைக்கிற லோடு. ஏற்றிக்கொண்டு போகும்போது ஒரு தொந்தரவும் கிடையாது. காலியாகத் திரும்பும்போதுதான் ஆரம்பம். ஹைவேயில் 65 கிலோமீட்டர் வேகம் வந்ததும் பின்பக்கம் கடகடவென்று குதிக்கிறது. 80-ஐத் தாண்டினால் பாதி அடங்கிவிடும். ஸ்பீடு பிரேக்கரில் இறங்கினால் இடதுபக்கம் மட்டும் இன்னும் ரெண்டு ஆட்டம் ஆடித்தான் நிற்கிறது. போன சீசனில் லோடு தாங்கட்டும் என்று கமானில் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்தேன். ஒருத்தர் ஷாக் அப்சார்பர் என்கிறார், ஒருத்தர் ஜாயிண்ட் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) என்கிறார், டயர் கடையில் பேலன்சிங் என்கிறார்கள். எதில் முதலில் கைவைப்பது?

காட்பாடி லோடு:
காலி பிக்கப்புன்னா குதிக்கத்தான் செய்யும் தலைவா. ரெண்டு மூட்டை மணல் போட்டு ஓட்டுங்க, அடங்கிடும்.

வாலாஜா பட்டறை:
மணல் மூட்டை டீசலைக் குடிக்கும், நோயை மறைக்கும். அது வேண்டாம் தம்பி.

நீங்கள் சொன்னதில் ரெண்டு கோளாறு கலந்து கிடக்கிறது. பிரேக்கரில் இறங்கியபின் ஆடுவது ஒன்று, 65-ல் குதிப்பது வேறொன்று. முதலாவது பெரும்பாலும் ஷாக். அதைக் கண்டுபிடிக்கக் காசு வேண்டாம். மேடு பள்ளமான ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, இறங்கியதும் ரெண்டு ஷாக் உடம்பையும் தொட்டுப் பாருங்கள் (சைலன்சரில் கை படாமல்). ஆட்டத்தைச் சூடாக மாற்றுவதுதான் ஷாக்கின் வேலை. வேலை செய்கிற ஷாக் வெதுவெதுப்பாக இருக்கும், செத்தது ஜில்லென்று இருக்கும். வெளியே எண்ணெய் கசியாமலே உள்ளே போன ஷாக் நிறைய பார்த்திருக்கிறேன்.

இரண்டாவதுக்கு வருவோம். நம்ம பிக்கப் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் சொச்சம் உருளும். 65-ல் நொடிக்கு எட்டுச் சுற்று. கமானுக்கும் டயருக்கும் நடுவில் மாட்டியிருக்கிற ஆக்சில் இயல்பாகவே ஆடுகிற வேகமும் கிட்டத்தட்ட அதுதான். டயரில் ஒரு இடம் மேடாக இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டு. ரெண்டும் ஒத்துப்போகும் வேகத்தில் வண்டி குதிக்கும், தாண்டினால் அடங்கும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுகிற மாதிரி. ஜாயிண்ட் ஷாஃப்ட் சக்கரத்தைப் போல நாலு மடங்கு சுற்றும். அதில் கோளாறு என்றால் சீட்டுக்கு அடியில் விர்ரென்று அதிரும், இப்படிக் குதிக்காது. அதை விட்டுவிடுங்கள்.

டயர் பார்க்க: முன்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் எடுத்துவிட்டு, பின் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு வையுங்கள். ஒரு ஸ்க்ரூ டிரைவரை செங்கல் மேல் வைத்து முனை டயருக்கு நூலிழை இடைவெளியில் நிற்கட்டும். கையால் மெல்லச் சுற்றுங்கள். ஓரிடத்தில் உரசி மற்ற இடத்தில் விலகினால் அதுதான் ஆசாமி. பேலன்சிங் சக்கரத்தின் எடையைத்தான் சமன் செய்யும், மேடு அப்படியேதான் இருக்கும், டயர் கடையில் இதைச் சொல்ல மாட்டார்கள். சந்தேகம் தீர அந்தச் சக்கரத்தை முன்னாடி மாட்டி ஓட்டுங்கள், ஸ்டியரிங் உதறும். ஆனால் டிரெட் (ரோட்டில் படுகிற ரப்பர்) உப்பியிருந்தால் ஓட்டவே வேண்டாம், உள்ளே இருக்கிற பெல்ட் அடுக்கு விட்டிருக்கும், வெடிக்கும்.

காற்று எவ்வளவு அடிக்கிறீர்கள்? லோடுக்கு உள்ள காற்றோடு காலியாக ஓட்டினால் டயர் கல்லு.

காட்பாடி லோடு:
சரிண்ணே, மணல் வாபஸ்.

அணைக்கட்டுக்காரன்:
அண்ணே, பார்த்துட்டேன். இடது ஷாக் ஜில்லுனு இருக்கு, வலது சூடு. வலது பின் டயர் ரீசோல் போட்டது (தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டியது), ஓரிடத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு உப்பல். ஸ்க்ரூ டிரைவர் அங்கே மட்டும் கோடு போட்டது. காற்று லோடோ காலியோ ஒரே அளவுதான் வைப்பேன். சேர்த்த பட்டையைக் கழற்றணுமா?

வாலாஜா பட்டறை:
அந்த டயரை இன்றைக்கே கழற்றி ஓரம் போடுங்கள், ஸ்டெப்னியாகக்கூட வேண்டாம். ஷாக் ஜோடியாகவே மாற்றுங்கள், ஒன்று புதுசு ஒன்று பழசு என்றால் ஒருபக்கம் இழுத்து ஆடும். காற்று விஷயத்தில் கம்பெனி கையேட்டில் லோடுக்கு ஒன்று, காலிக்கு ஒன்று போட்டிருந்தால் அதன்படி மாற்றுங்கள்.

பட்டையைப் பொறுத்தவரை, கம்பெனி சொன்ன எடைக்குள்தான் ஏற்றுகிறீர்கள் என்றால் கழற்றிவிடுங்கள். கட்டு விறைத்தால் காலி வண்டியில் கமான் அமுங்கவே அமுங்காது, ரோட்டில் உள்ளதெல்லாம் பாடிக்கு வரும். கழற்றும்போது, கமானை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிக்கிற யூ போல்ட் உட்காரும் இடத்தைப் பாருங்கள். துருப்பொடியும் நடுவில் பளபளவென்று தேய்ந்த தடமும் இருந்தால் கட்டு நகர்ந்திருக்கிறது, பட்டைகளை நடுவில் கோத்திருக்கிற சென்டர் போல்ட் தலையையும் சோதியுங்கள். யூ போல்ட் புதுசு போட்டு, வண்டி எடை தரையில் நிற்கும்போது முறுக்குங்கள். ஒரு லோடு அடித்துவிட்டு வந்து மறுபடியும் ஒருமுறை முறுக்க வேண்டும்.